ஒட்டை வெட்டினால் ஒட்டு போய்விடுமா?

வாசகியின் கடிதம்:

டொக்டர், எனக்கு 41 வயது. ஊர் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். 17 வயதில் அப்பெண்டிக்ஸ் வெடித்து, வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். பிறகு இரண்டு பிள்ளைகளும் சீசர். கடந்த இரண்டு வருடத்தில் மூன்று தரம் வயிறு ஊதி, முறுக்கி முறுக்கிக் குத்தி, பச்சைப் பச்சையாகச் சத்தி எடுத்து வார்டில் கிடந்தேன். மூன்று தரமும் மூக்கால் டியூப் விட்டு, சேலைன் ஏற்றி, இரண்டு மூன்று நாளில் சுகமாகி டிக்கெட் வெட்டினார்கள். 'குடல் ஒட்டு' என்று சொன்னார்கள். இடைப்பட்ட நாளிலும் வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற ஒரு நோ இருந்துகொண்டே இருக்கிறது. பிரைவேட்டில் காட்டியபோது, வயிற்றில் சிறு துளை போட்டுக் கமரா விட்டு ஒட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்றார்கள். இதற்குள் கர்ப்பப்பையில் பைபுரொயிட் கட்டி, மாதம்தோறும் இரத்தம் அதிகம், கர்ப்பப்பையை எடுப்பது நல்லது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாமா? திரும்ப ஒட்டாமல் இருக்க உள்ளே ஒரு பேப்பர் மாதிரி வைக்கிறார்களாமே? முதல் ஒப்பரேஷன் செய்தவர் பிழைவிட்டதால்தான் இது வந்ததா? மாமி சொல்கிறா, சீசருக்குப் பிறகு பத்தியம் காக்காமல் இறால் தின்றதுதான் காரணம் என்று. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு உருவியும் விட்டா. (பெயர் போடவேண்டாம், படுவான்கரை.)

பதில்:

தங்கச்சி, முதலில் இறாலை விடுதலை செய்துவிடுவோம். ஒப்பரேஷன் செய்துகொண்டவரின் தட்டில் இருந்து இறால், சூரை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் கிரந்திச் சாமான் என்று விலக்கிவைப்பது எங்கள் வீடுகளின் பழைய வழக்கம். குடல் ஒட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாப்பாடு போவது குடலுக்கு உள்ளே. ஒட்டு வருவது குடலுக்கு வெளியே. மாமியிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவேண்டாம்.

சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் நீளம். அத்தனையும் ஒரு வயிற்றுக்குள் மடிந்து கிடந்து, நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் சிக்குப்படாமல் வழுக்கிக்கொண்டு இருப்பதற்குக் காரணம், குடலின் வெளிப்பக்கத்தையும் வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும் போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய, ஈரமான உறை. அந்த உறையின் மேற்பரப்பு ஒரேயொரு அடுக்குக் கலங்களால் ஆனது. விரல் பட்டாலும், துணி உரசினாலும், ஒப்பரேஷன் தியேட்டர் விளக்கின் சூட்டில் காய்ந்தாலும், சீழோ இரத்தமோ தேங்கி நின்றாலும் அது உரிந்துபோகும். உரிந்த இடத்தில் உடம்பு பைபிரின் என்ற பசையைச் சுரக்கும். பக்கத்தில் இன்னொரு உரிந்த இடம் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

முதல் சில நாள் அந்தப் பசை மெதுமையாகத்தான் இருக்கும். அதைக் கரைக்கிற பொருளையும் அந்த உறையே சுரக்கிறது. பெரும்பாலான இடங்களில் பசை கரைந்துபோகும், ஒரு வாரத்துக்குள் புதுத் தோல் மூடிவிடும். ஆனால் சீழ் பிடித்த இடத்தில், இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில், தையல் நூலோ தூசியோ கிடக்கிற இடத்தில் கரைக்கும் சக்தி குறைந்துவிடும். அங்கே 5, 7 நாளில் தழும்புக் கலங்கள் புகுந்து நாராக நெய்யத் தொடங்கும். பிறகு அதற்குள் இரத்தக்குழாயும் வளரும், நரம்பும் வளரும். அந்த நிலைக்கு வந்த ஒட்டைக் கரைக்க ஒரு குளிசையும் இல்லை. எந்த எண்ணெயும், எந்தக் கையும் அதைப் பிரித்துவிட முடியாது.

இப்போது 17 வயதில் உங்களுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அப்பெண்டிக்ஸ் வெடித்து வயிறெல்லாம் சீழ். ஒட்டு வருவதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன் செய்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டு இருக்கும். அவர்களில் அநேகம் பேர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் 1986இல் வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன் செய்த ஏறக்குறைய 30,000 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், மூன்றில் ஒருவர் ஒட்டோடு தொடர்புள்ள, அல்லது தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கக்கூடிய ஒரு காரணத்துக்காகச் சராசரி இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அங்கே இருந்தவர்களும் கைதேர்ந்த வைத்தியர்கள்தான். ஆகவே அன்று உங்கள் வயிற்றைத் திறந்தவர் மேல் கோபம் வேண்டாம். அவர் திறந்திராவிட்டால் இந்தக் கடிதம் வந்திராது.

எங்கள் பக்கத்தில் நெஞ்சுக்குழியில் இருந்து அடிவயிறு வரை நேர்கோடாகத் தழும்புள்ள ஐம்பது, அறுபது வயது மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் செல் துண்டும் சன்னமும் எடுக்கத் திறந்த வயிறுகள். கிளினிக்கில் சட்டையைத் தூக்கச் சொன்னால், தழும்பைக் காட்டிவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இந்தப் பதில் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி உங்கள் பெரிய கேள்வி: ஒட்டை வெட்டலாமா? உங்கள் கடிதத்தில் இரண்டு நோ இருக்கிறது, நீங்கள் அதை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். வயிறு ஊதி, முறுக்கி, பச்சையாகச் சத்தி எடுத்து, காற்றும் பறியாமல் கிடந்தது குடல் அடைப்பு. வலப்பக்கம் நாளாந்தம் இழுத்துப் பிடிக்கிறது வேறு. முதலாவதற்கு ஒட்டுத்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லலாம். ஏனென்றால் சிறுகுடல் அடைப்புக்கு ஒட்டைவிடப் பெரிய காரணம் வேறில்லை. இரண்டாவதற்கு ஒட்டு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கர்ப்பப்பைக் கட்டி, மலச்சிக்கல், சிறுநீர்க் குழாயில் கல், சீசர் தழும்பில் சிக்கிய நரம்பு என்று அந்தப் பக்கத்தில் நோவதற்குக் காரணம் பல.

நோவுக்காக மட்டும் ஒட்டை வெட்டினால் என்ன நடக்கும் என்று நெதர்லாந்தில் பரிசோதித்துப் பார்த்தார்கள். நாட்பட்ட வயிற்று நோவும் ஒட்டும் உள்ள 100 பேர். எல்லாருக்கும் கமரா விட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒட்டை வெட்டினார்கள், மற்றவர்களுக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது இரண்டு பகுதியினருக்கும் நோ குறைந்திருந்தது, இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2003இல் அந்த முடிவு வெளிவந்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்கு முன் எத்தனையோ பேருக்கு நோவுக்காக ஒட்டை வெட்டிவிட்டு, அவர்கள் சிரித்த முகத்தோடு கிளினிக்குக்கு வந்ததைப் பார்த்து என் கையை நானே மெச்சிக்கொண்டிருந்தவன் நான்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஒட்டை வெட்டுவது என்றால் வயிற்றுக்குள் புதுக் காயம். மேலே சொன்ன அதே பசை, அதே நார் மறுபடி. வெட்டும்போது குடல் எது, ஒட்டு எது என்று பிரித்தறிய முடியாத இடங்கள் வரும். ஏற்கெனவே திறந்த வயிற்றை மறுபடி திறந்த 270 பேரை ஓர் ஆய்வில் கணக்கெடுத்தபோது, 52 பேருக்குக் குடலில் தவறுதலாக ஓட்டை விழுந்திருந்தது. ஐந்தில் ஒருவர். எனக்கும் நடந்திருக்கிறது. ஓட்டை விழுந்ததை அந்த இடத்திலேயே கண்டு தைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். ஒரு தரம் எனக்குக் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி, மறுபடி திறந்து, ஒன்றரை மாதம் வார்டில் வைத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினோம். அவ வந்தது வெறும் இழுவை நோவுக்கு. அன்றில் இருந்து, அடைப்பு இல்லாமல் நோ மட்டும் உள்ளவருக்கு ஒட்டு வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். 'கமரா விட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடலாம்' என்ற பேச்சில் அந்த 'எல்லாவற்றையும்' தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் எப்போது வெட்டத்தான் வேண்டும்? குடல் செத்துப்போகிற ஆபத்து வந்தால் ஒரு கணமும் யோசிக்கக்கூடாது. கட்டையில் கட்டிய கன்று சுற்றிச் சுற்றித் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நார்க் கயிற்றுக்குக் கீழே குடல் புகுந்து முறுகினால் அதுதான் நடக்கும், இரத்த ஓட்டம் நின்றுபோகும். அதன் அடையாளம் இப்படி இருக்கும்: வந்து வந்து போன நோ விடாமல் நிற்கும், காய்ச்சல் வரும், நாடி படபடக்கும், வயிற்றைத் தொடவிடாது. அப்போது மணிக்கணக்குத்தான் இருக்கிறது.

அந்த அடையாளம் இல்லாத அடைப்புக்கு, உங்களுக்கு மூன்று தரமும் செய்ததே சரியான வைத்தியம்: வாயால் ஒன்றும் கொடுக்காமல், மூக்கு டியூபால் வயிற்றை வெறுமையாக்கி, சேலைனால் நீரையும் உப்பையும் ஈடுகட்டிப் பொறுத்திருப்பது. இப்போது கஸ்ட்ரோகிராபின் என்ற, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற திரவத்தை அந்த டியூபாலேயே உள்ளே விடுகிறோம். 24 மணித்தியாலத்துக்குள் அது பெருங்குடலுக்கு வந்து சேர்ந்திருந்தால், கத்தி இல்லாமலே அடைப்பு விடும் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மூன்று நாள், அதாவது 72 மணித்தியாலம் பார்த்தும் விடவில்லை என்றால் ஒப்பரேஷன்தான். அதற்கு மேல் இழுத்தடிப்பதில் நன்மை இல்லை.

நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். இரண்டு வருடத்தில் மூன்று அடைப்பு என்பது சும்மா விட்டுவிடக்கூடிய கணக்கு இல்லை. ஒப்பரேஷன் செய்துகொண்டவருக்கு அடைப்பு மறுபடி வருவது, டியூபோடு சுகமானவரைவிடக் குறைவு என்பதும் உண்மை. வரவே வராது என்று மட்டும் யாரும் எழுதித்தர முடியாது. ஒட்டு நேரடியாக சி.ரி. ஸ்கேனில் தெரியாது. ஆனால் அடைப்பு இருக்கும் நேரத்தில் எடுத்தால், ஊதிய குடல் எந்த இடத்தில் சட்டென்று ஒடுங்குகிறது என்று தெரியும். மூன்று தரமும் அதே இடம் என்றால் அங்கே ஒரு தனி நார் இருக்க வாய்ப்புண்டு, அந்த ஒன்றை வெட்டுவது பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு தரமும் வேறு இடம் என்றால், அல்லது வயிறு முழுக்கப் பாய் பின்னியதுபோல ஒட்டியிருந்தால், நான் கத்தியை வைத்துவிடுவேன். முந்தைய ஸ்கேன் படங்களை வாங்கி ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். உங்கள் விடயத்தில் இதுவரை அதை யாரும் செய்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை.

கர்ப்பப்பை எடுப்பதைப் பற்றி இறுதி வார்த்தை சொல்லவேண்டியவர் பெண்நோயியல் நிபுணர். ஆனால் உங்கள் வயிற்றின் கதை தெரிந்தவனாக ஒன்று சொல்லலாம். கட்டி இருப்பது மட்டும் கர்ப்பப்பையை எடுக்கக் காரணம் ஆகாது. இரத்தப்போக்கைக் குறைக்கக் குளிசை இருக்கிறது. கட்டி உள்ளறையைக் கோணலாக்கியிராவிட்டால், ஹோர்மோன் உள்ள லூப் வைக்கலாம். 41 வயதில், மாதவிடாய் நிற்கும் காலம் வரை இப்படி ஓட்டிவிட முடியுமா என்று கேளுங்கள். 'எனக்கு மூன்று தரம் குடல் அடைத்தது' என்ற வசனத்தையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் அது தெரியாமலும் கிளினிக்கில் முடிவு எடுக்கப்படுவதுண்டு.

எடுத்தே ஆகவேண்டும் என்றால், அப்போது இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் புத்தி. ஒரு வயிற்றை இரண்டு தரம் திறக்கத் தேவையில்லை. ஆனால் பெண்நோயியல் நிபுணரும் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மேசையில் நிற்கிற நாளாக இருக்கவேண்டும், இடையில் கூப்பிடலாம் என்ற ஏற்பாடு போதாது. கமராவால் செய்வதானால், முதல் துளையைப் பழைய தழும்புகளுக்கு எட்டத்தில், இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே போடுவார்கள். தொப்புளுக்குக் கீழே குடல் சுவரோடு ஒட்டியிருக்கலாம். இரண்டு சீசருக்குப் பிறகு சலப்பையும் கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கலாம், அதையும் கவனிப்பார்கள். வழியில் குறுக்கே நிற்கிற ஒட்டையும், அடைப்புக்குக் காரணம் என்று கண்ணால் தெரிகிற நாரையும் வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்து வைக்கும் படிவம் அதற்குத்தான்.

பேப்பர் மாதிரி ஒன்று வைப்பார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். சீனி மூலக்கூறுகளைப் போன்ற பொருட்களால் செய்த மெல்லிய தாள், உரிந்த இரண்டு பரப்புக்கு நடுவே சில நாள் நின்றுவிட்டுக் கரைந்துபோகும். அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்றது. பெருங்குடல் எடுத்தவர்களில் அதை வைத்தபோது 51 வீதத்தினருக்கு வெட்டுத் தழும்பின் கீழே ஒட்டே இல்லை, வைக்காதவர்களில் 6 வீதத்தினருக்குத்தான் அப்படி. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பிறகு 1,791 பேரில் செய்த பெரிய ஆய்வில், குடல் அடைப்பு வந்தோரின் மொத்த வீதம் இரண்டு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பரேஷன் தேவைப்பட்ட அடைப்பு மட்டும் 3.4 வீதத்தில் இருந்து 1.8 வீதமாகக் குறைந்தது. குடலை வெட்டி இணைத்த தையலைச் சுற்றி அதைச் சுத்தினால் தையல் விட்டுப்போகும் ஆபத்தும் தெரியவந்தது. ஆகவே கிடைத்தால், இடமறிந்து வைத்தால், கொஞ்சம் உதவும். கிடைக்கவில்லை என்று மனம் சோரவேண்டாம், அதற்காகக் கொழும்புக்குப் போய்க் கடன்படவும் வேண்டாம்.

ஒட்டைத் தடுக்கிற பெரிய மருந்து ஒப்பரேஷன் செய்பவரின் கைதான். குடலைத் தேவையில்லாமல் வெளியே இழுக்காமல், இழுத்ததை ஈரத்துணியால் மூடி, இரத்தத்தைக் கழுவி எடுத்து, மெல்லிய நூலால் தளர்வாகத் தைத்து, சூட்டுக்கருவியைச் சிக்கனமாகப் பாவிக்கிற கை. நாங்கள் படித்த காலத்தில் கையுறைக்குள் சோளமாப் பவுடர் தூவி வரும். அந்த மாத் துகளும் வயிற்றுக்குள் ஒட்டை வளர்த்தது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் பவுடர் கையுறையைத் தடைசெய்தார்கள். முடிந்த இடத்தில் சிறு துளையால் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான், காயம் குறைந்தால் பசை குறையும். ஒப்பரேஷன் முடிந்து மறுநாளே நடக்கச் சொல்வது ஒட்டாமல் இருக்க என்று வார்டில் சொல்வார்கள். அது நெஞ்சுச் சளிக்கும் காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும் நல்லது, ஒட்டைத் தடுப்பதற்கு அத்தாட்சி இல்லை. நடக்கத்தான் வேண்டும்.

மாமி உருவினதைப் பற்றி. சுகமாக இருக்கும் நாளில் வயிற்றில் மெதுவாக எண்ணெய் தடவுவதில் கெடுதல் இல்லை. அடைப்பு நேரத்தில் அழுத்தி உருவுவதும், பேதிக்கு ஆமணக்கெண்ணெய் கொடுப்பதும் வேறு விடயம். அடைத்த குடலுக்கு மேலிருந்து தள்ளுகிற மருந்து கொடுத்தால் அது எங்கே போகும்? பல வருடத்துக்கு முன், வேளாண்மை வெட்டு நேரம், படுவான்கரையில் இருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயிறு எண்ணெயில் பளபளத்தது. "ரெண்டு நாளா உருவித்தான் பாத்தம் ஐயா, காத்தும் பறியல்ல" என்றா மனிசி. உள்ளே இரண்டு முழக் குடல் கறுத்துப்போய்க் கிடந்தது. வெட்டி எடுத்து இணைத்தோம், ஆள் தப்பினார். அன்று வாவியைக் கடக்க மண்முனைத்துறையில் பாலம் இல்லை, இரவில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) ஓடவில்லை என்று ஒரு காரணமாவது அவர்களுக்கு இருந்தது. 2014இல் இருந்து பாலம் இருக்கிறது. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். மாரியில் குளம் உடைத்து றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்கிற மாதங்களில் மட்டும், வழமையைவிட அரை நாள் முந்திப் புறப்படுங்கள். விடியட்டும் என்று பார்க்கவேண்டாம்.

சாப்பாட்டில், சுகமான நாட்களில் எல்லாம் சாப்பிடலாம், தயிரும் சோறும் இறாலும். ஒடுங்கிய இடத்தில் திரண்டு அடைக்கக்கூடிய தும்புச் சாமானில் மட்டும் கவனம்: பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை, தோடம்பழச் சக்கை, அவசரமாய் விழுங்கிய பலாச்சுளை. மென்று சக்கையைத் துப்பிவிடுங்கள். வயிறு முறுகத் தொடங்கினால் கஞ்சித் தண்ணிக்கு மாறுங்கள். சத்தி தொடங்கினால் அதுவும் வேண்டாம், புறப்படுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று டயக்னோசிஸ் கார்டையும், ஸ்கேன் படங்களையும், சீசர் செய்த துண்டுகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். 17 வயதுக் கார்டு தொலைந்திருக்கும். அம்மா இருந்தால் அவவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நாள் வார்டில் வைத்திருந்தார்கள், வயிற்றில் சீழ் வடியக் குழாய் வைத்திருந்தார்களா, தழும்பு பழுத்ததா. உங்கள் வயிற்றை அடுத்ததாகத் திறக்கப்போகிறவருக்கு அந்த மூன்று பதிலும் பெரிய உதவி.